மிதவைப் படகின் வேகமும் மலத்தின் இயல்பும்

உயிர் தன் முடிந்த நிலையை எய்தாமல் நிற்பதற்கு அதன் ஆற்றற் குறைவு காரணமா, அதனைப் பற்றியிருக்கும் தடை காரணமா என்னும் கேள்வி சைவ சித்தாந்தத்தின் நடுநாயகமான கேள்விகளுள் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டு நூற்பாக்களும், அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் விரித்துப் பாடிய சிவஞான சித்தியாரும், அடுத்த நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் நூறு குறட்பாக்களில் அமைத்த திருவருட்பயனும் இக்கேள்விக்குத் தரும் விடையில் வேறுபாடு இல்லை. விழைவு, அறிவு, செயல் ஆகிய மூன்று ஆற்றல்களும் உயிருக்கு இயல்பாகவே உள்ளன. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள், அதாவது உயிரின் விளக்கத்தை மறைத்தும் கட்டியும் நிற்கும் மூவகைப் பற்றுகள், அவற்றைத் தொழிற்படாமல் செய்கின்றன என்பதே அவ்விடை. புதிதாக ஓர் ஆற்றலை உயிருக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லும் நெறி, தடையின் இயல்பைப் பற்றியும் அதே அளவு உறுதியோடு பேசியாக வேண்டும். அவ்வாறே பேசியும் இருக்கிறது. அந்தப் பேச்சின் நுட்பத்தை விளங்கிக்கொள்வதற்கு, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கழிமுகங்களிலும் நீரிணையிலும் சிறிய எஞ்சினோடு ஓடும் மிதவைப் படகு நல்ல சான்றாக அமைகிறது. ஏனெனில் ஆற்றல் எவ்வளவு, தடை எவ்வளவு என்று தனித்தனியே அளந்து பார்க்க இடந்தரும் பொருள்கள் அதைப்போல் அதிகம் இல்லை.

மிதவைப் படகு, அல்லது பாண்டூன் படகு, என்பது காற்றடைத்த நீண்ட உருளைகள் இரண்டையோ மூன்றையோ இணையாக வைத்து, அவற்றின்மேல் சமதளமான பலகைத் தளம் பொருத்தப்பட்ட படகு. இதன் இன்றைய வடிவம் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்னும் விவசாயி எஃகு உருளைகளின்மேல் மரத்தளம் அமைத்ததிலிருந்து தொடங்குகிறது என்பர். ஆனால் உருளைகளின்மேல் தளமிட்டு மிதக்கவிடும் முறை தமிழர்க்குப் புதிதன்று. திருவாரூர்க் கமலாலயத்தில் தியாகராசர் கோயிலின் தெப்பம் பீப்பாய்களைப் பிணைத்தே கட்டப்படுகிறது. ஜொகூரின் தென்மேற்குக் கரையில் பொந்தியான் மாவட்டத்துக் கூக்கூப்பில் கடல்மேல் நிற்கும் மீன் வளர்ப்புத் தளங்களும் இதே அடிப்படையில் மிதப்பவைதாம். அலை குறைந்த, ஆழம் குறைந்த நீருக்கு இவ்வகைப் படகு மிகவும் ஏற்றது. எளிதில் கவிழாது, பலரைச் சுமக்கும், செலவும் குறைவு. அதன் ஒரே குறை மந்தம். பத்து அல்லது பதினைந்து குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தி அதில் செல்பவர் எவரும் விரைவிலோ தாமதமாகவோ கேட்கும் கேள்வி, இதை இன்னும் வேகமாக ஓட்ட வழி உண்டா என்பதுதான்.

முதலில் தோன்றும் விடை, பெரிய எஞ்சின் வாங்குவது. அந்த விடை எவ்வளவு விலை கேட்கிறது என்பதைப் படகின் இயற்பியல் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடியாக உயர்கிறது. அத்தடையை வென்று செல்வதற்கான திறன் வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. ஆகவே 10 குதிரைத்திறனில் மணிக்கு 10 கிலோமீட்டர் செல்லும் படகை 20 கிலோமீட்டர் செல்லவைக்க, மற்றவை மாறாதிருந்தால், 80 குதிரைத்திறன் வேண்டும். இது உராய்வுத் தடை ஒன்றை மட்டும் கருதிய கணக்கு. படகு தானே எழுப்பும் அலைகளும் அதற்குத் தடையாகும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் தெளிவுபடுத்தினார். 1872இல் டார்க்கீ நகரில் அவர் அமைத்த சோதனைத் தொட்டியில் மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்தே உராய்வுத் தடை வேறு, அலைத்தடை வேறு என்னும் பகுப்பு நிலைபெற்றது. நீர்மட்டத்தில் 20 அடி நீளமுள்ள அகன்ற படகு ஒன்றுக்கு அலைத்தடை செங்குத்தாக ஏறத் தொடங்கும் வேகம் சுமார் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். மிதவைப் படகின் உருளைகள் ஒடுங்கியவையாதலால் இவ்வெல்லை அதற்குச் சற்று நெகிழ்ந்து கொடுக்கிறது. ஆயினும் எல்லை இல்லாமற் போவதில்லை. ஆற்றலைக் கூட்டுவதன் மூலம் மட்டுமே விடுதலை தேடுபவர், தாம் முன்னேறும் ஒவ்வோர் அடிக்கும் முந்தைய அடியைவிடப் பன்மடங்கு விலை கொடுத்தாக வேண்டும். தவத்தைப் பெருக்கிப் பெருக்கி அதன் வலிமையாலேயே மேன்மை பெற முயன்றோர் இறுதியில் வீழ்ந்த கதைகள் புராணங்களில் இத்தனை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இரண்டாவது விடை, தடையைக் குறைப்பது. ஜொகூர் நீரிணையில் இவ்விடைக்குத் தனிப் பொருள் உண்டு. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸையும் இணைத்து 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட தரைப்பாலம், கடலுக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பப்பட்ட திண்ணிய கரை; அதனால் நீரிணையின் கிழக்கு நீரும் மேற்கு நீரும் முன்போல் ஊடுருவிக் கலப்பதில்லை. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக, ஊட்டம் மிகுந்து நிற்கும் இந்நீரில் உயிரினங்கள் விரைந்து செழிக்கின்றன. பச்சைச் சிப்பி வளர்ப்பு இங்கு ஒரு தொழிலாகவே நிலைத்திருக்கிறது. சிப்பி வளர்ப்போருக்கு வரமாக இருப்பது படகுக்காரருக்குச் சுமையாகிறது. நீரில் நிற்கும் எந்தப் பரப்பின்மீதும் முதலில் வழவழப்பான பாசிப்படலம் படிகிறது. அதன்மேல் கொட்டலசு என்னும் சுண்ணாம்பு ஓடுடைய சிற்றுயிர் தன் உடலில் சுரக்கும் பசையால் இறுக ஒட்டிக்கொள்கிறது. பிறகு சிப்பிகள் வருகின்றன. கப்பலின் அடிப்பரப்பில் இவை மிகுதியாகப் படிந்தால் வழக்கமான வேகத்தைக் காக்கத் தேவைப்படும் திறன் 86 விழுக்காடு வரை உயரக்கூடும் என்று போர்க்கப்பல் ஒன்றை முன்வைத்து 2007இல் வெளியான கணிப்பு காட்டுகிறது. ஃப்ரூட் தம் காலத்திலேயே வார்னிஷ் பூசிய பலகை, துணி சுற்றிய பலகை, மணல் ஒட்டிய பலகை எனப் பல பரப்புகளை நீரில் இழுத்து, பரப்பின் சொரசொரப்பு எவ்வளவு விலை கேட்கிறது என்று அளந்து வைத்திருந்தார்.

சித்தாந்தத்தின் தனித்தன்மை விளங்கும் இடம் இதுவே. தடை என்பது அறியாமை மட்டுமே என்று கொள்ளும் நெறிகள் உண்டு. அவற்றுள் வலுவானது அத்வைத வேதாந்தம். பழுதையைப் பாம்பென மயங்கியவனுக்கு, அது பழுதையே என்று தெரிந்த கணத்தில் பாம்பு ஒழிந்துபோகிறது. அதை அடித்து விரட்ட வேண்டியதில்லை. ஆகம நெறியில் நின்ற சைவ ஆசிரியர்கள் இதை ஏற்கவில்லை. மலம் ஒரு திரவியம், அதாவது உண்மையில் இருப்பதொரு பொருள் என்றும், கண்ணில் படர்ந்த திரை அங்கிருப்பதை அறிந்த அளவில் நீங்காது, மருத்துவரின் கருவி தொட்டே நீங்கும், அதுபோல் மலமும் இறைவனின் செயலாலேயே நீங்கும் என்றும் அவர்கள் வாதிட்டனர். தீட்சை என்னும் சடங்கு, ஆசான் வாயிலாக இறைவனே மாணவனின் கட்டுகளை அறுக்கும் வினை எனக் கொள்ளப்படுவதற்கு இதுவே அடிப்படை. 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் அச்சடங்கு முறைகளை அத்தனை நுணுக்கமாக வகுத்து எழுதியதும் இந்த நம்பிக்கையின் மேல்தான். மெய்கண்டார் வழியினர் ஞானத்திற்கு முதலிடம் தந்தபோதிலும், அந்த ஞானமும் குருவாக வந்த இறைவன் உணர்த்தப் பெறுவதேயன்றி உயிர் தானே ஊகித்து அடைவதன்று என்பதில் பிசகவில்லை.

கொட்டலசு ஒட்டியிருப்பதை அறிந்த படகுக்காரரின் படகு அந்த அறிவினால் ஓர் அங்குலமும் விரைந்து செல்வதில்லை. படகைக் கரையேற்றி, சுரண்டிக் கழுவியாக வேண்டும். நீரில் மிதந்துகொண்டிருக்கும் படகு தன் அடிப்பகுதியைத் தானே சுரண்டிக்கொள்ள முடியாது. வேறொரு கை வேண்டும். அறிவே போதும் என்பதற்கும் அறிவின்பின் செயலும் வேண்டும் என்பதற்கும் இடையில் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் வாதத்தில், சித்தாந்திகளின் பக்கம் எவ்வளவு நடைமுறை உண்மை இருக்கிறது என்பது பலராலும் குறைத்தே மதிப்பிடப்படுகிறது. தன் சினத்தின் காரணத்தை நன்கு அறிந்தும் சினம் நீங்காமல் வாழும் மனிதர் எத்தனையோ பேர். அவர்களிடம் சென்று இன்னும் சற்று அறிந்துகொள்க என்று சொல்வதால் பயன் இல்லை.

தவறான மருந்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை இங்கே உண்டு. கொட்டலசைத் தடுக்கக் கப்பல்களுக்கு வழக்கமாகப் பூசப்படுவது செம்புச் சேர்மம் கலந்த நச்சு வண்ணம். மிதவைப் படகின் உருளைகள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. உப்புநீரில் செம்பும் அலுமினியமும் அருகருகே அமைந்தால் மின்வேதி வினையால் அலுமினியம் அரிக்கப்படும். ஒட்டிய உயிரைக் கொல்ல இட்ட மருந்து உருளையையே ஓட்டையாக்கிவிடும். ஒருவருக்கு நோன்பும் மந்திரமும் அவருடைய பக்குவம் நோக்கியே விதிக்கப்பட வேண்டும் என்று ஆகமங்கள் கொள்ளும் கண்டிப்பு, ஏட்டளவிலான வைதிகப் பிடிவாதமாக இன்று பலருக்குத் தோன்றுகிறது. அதில் பொதிந்திருக்கும் அக்கறை கவனிக்கப்படுவதில்லை.

கொட்டலசாவது குனிந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். உருளைக்குள் புகுந்த நீர் தெரியாது. பற்றவைத்த மூட்டில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் நீர் சிறுகச் சிறுக உட்புகும். 150 லிட்டர் நீர் சேர்ந்தால் 150 கிலோ எடை, அதாவது ஏறத்தாழ இரண்டு ஆட்கள், படகில் ஏறி அமர்ந்து இறங்காமலே பயணம் செய்வதற்கு அது ஒப்பாகும். படகு தாழ்கிறது, நனையும் பரப்பு கூடுகிறது, வேகமெடுக்கும்போது உள்நீர் பின்பக்கம் ஓடி, பின்புறத்தை மேலும் அமிழ்த்துகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் படகு நன்றாகவே இருக்கிறது, எஞ்சின்தான் வலுவற்றது என்று தோன்றும். ஆணவ மலத்தை உமாபதி சிவாசாரியார் வேறுபடுத்திக் காட்டும் முறை இதனோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னை இருள் என்று காட்டிக்கொள்கிறது. ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்கிறது என்பது திருவருட்பயனில் இருள்மல நிலையைக் கூறும் அதிகாரத்தின் கருத்து. தன்னைக் காட்டாத தடையால் துன்புறுவோர் பழியைத் தம் ஆற்றலின்மேல் போடுகின்றனர். தாம் வலுவற்றவர் என்று நம்பத் தொடங்கிய உயிர் மேலும் மேலும் வலுவைத் தேடி அலைகிறது. அந்தத் தேட்டமே ஆணவத்தின் வேலையாக இருக்கிறது.

இதுவரை சொன்னவை தடையை நீக்கத்தக்க ஒன்றாகவே காட்டின. ஆனால் நீக்கத்தகாத தடை ஒன்று உண்டு, அது நீர். படகின் எல்லாத் தடையும் இறுதியில் நீரின் தடைதான். அந்த நீர் இல்லையேல் படகு மிதப்பதுமில்லை, படகை உந்தும் எஞ்சின் விசிறிக்குப் பிடிப்பும் இல்லை. எஞ்சினை உயர்த்திப் பொருத்தினால், நீரின் உரசல் குறையும் என்பது உண்மையே. அளவுக்கு மீறி உயர்த்தினாலோ விசிறி காற்றை இழுத்துக்கொண்டு வெறுமே சுழலும், எஞ்சின் அலறும், படகு நகராது. மாயையைச் சித்தாந்தம் நோக்கும் நோக்கும் இத்தகையது. மாயை கட்டும் பொருளாயினும், உடம்பு, கருவி, உலகு, நுகர்ச்சி ஆகிய நான்கையும் தந்து உயிரைத் தொழிற்படச் செய்வதும் அதுவே. மாயையிலிருந்து தோன்றும் கலை என்னும் தத்துவம் உயிரின் செயலாற்றலையும், வித்தை அறிவாற்றலையும், அராகம் விழைவையும் ஓரளவு விளங்கச் செய்கின்றன என்று சித்தாந்த நூல்கள் வகுத்துரைக்கின்றன. ஆணவம் இருளைப் போன்றது என்றால் மாயை விடியும்வரை உதவும் விளக்கைப் போன்றது என்னும் பழைய விளக்கமும் இதையே சொல்கிறது. உலகைத் துறப்பதே விடுதலை என்று எண்ணி, நீரே இல்லாத இடத்தில் விசிறியைச் சுழற்றுவோர்க்குச் சித்தாந்தத்தில் இடமில்லை.

அந்நீரை எவ்வாறு பற்றுவது என்பதில் சிறிய எஞ்சின் தரும் பாடம் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. விசிறியின் புரியேற்றம் என்பது, அது ஒரு முழுச் சுற்றில் நீரில் முன்னேற வேண்டிய தூரம். 9 அங்குலப் புரியேற்றமுள்ள விசிறி நிமிடத்திற்கு 2750 முறை சுழன்றால், கணக்கின்படி மணிக்கு சுமார் 38 கிலோமீட்டர் முன்னேற வேண்டும். பளுவான மிதவைப் படகோ 11 கிலோமீட்டரே செல்கிறது. எஞ்சிய சுழற்சியில் பெரும்பகுதி நீரைப் பின்னோக்கி வேகமாக எறிவதிலேயே வீணாகிறது. உந்துவிசை என்பது எறியப்படும் நீரின் அளவையும் அதற்கு ஊட்டப்படும் வேகத்தையும் பெருக்கிய தொகை. வீணாகும் ஆற்றலோ அந்த வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே இருமடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் அதே உந்துவிசை கிடைக்கும், வீணாவது பாதியாகக் குறையும். பளுவான படகுக்குச் சிறிய எஞ்சின் பொருத்துவோர் அகன்ற, புரியேற்றம் குறைந்த விசிறியைத் தேர்வது இதனால்தான். கொஞ்ச நீரைப் பேராவேசத்தோடு எறிவதைவிட மிகுந்த நீரை மெல்லத் தள்ளுவது மேல். இருவினையொப்பு என்று சித்தாந்தம் கூறும் நிலையில், அதாவது நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் மனம் ஒத்து நின்று, விருப்பு வெறுப்பின் ஆவேசமின்றிச் செயல்படும் நிலையில், செயல் குறைவதில்லை. செயலோடு சேர்ந்து சிதறும் கொந்தளிப்பே குறைகிறது. நாள்தோறும் திருவலகிடுதல், பூத்தொடுத்தல் முதலிய சரியைத் தொண்டுகளை, அதாவது உடலால் செய்யும் எளிய கோயிற் பணிகளை, நெறியின் முதற்படியாகச் சைவம் வைத்தமைக்கு இந்த நோக்கில் ஒரு நியாயம் தெரிகிறது.

எஞ்சினுக்கும் படகுக்கும் அப்பாற்பட்ட வேகம் ஒன்றும் உண்டு. கூக்கூப் கரைக்கும் சதுப்புநிலக் காடு நிறைந்த கூக்கூப் தீவுக்கும் இடையிலும், 2003இல் ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சுங்கை பூலாய் கழிமுகத்திலும் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஆற்றைப் போன்ற ஓட்டத்தை உண்டாக்குகின்றன. நீரில் 5 நாட் வேகத்தில் செல்லும் படகு, 2 நாட் ஓட்டத்தை எதிர்த்தால் கரையிலிருந்து பார்க்க 3 நாட் செல்லும். அதே ஓட்டத்தோடு சென்றால் 7 நாட் செல்லும். எஞ்சின் மாறவில்லை, விசிறி மாறவில்லை, எரிபொருளும் கூடவில்லை. வேகமோ இரு மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. கரையோர மக்கள் அனைவரும், குறிப்பாக இந்நீரிணையில் தலைமுறைகளாகப் படகிலேயே வாழ்ந்த ஓராங் செலேத்தார் என்னும் பூர்வகுடியினர், நீரின் வேளை பார்த்தே புறப்பட்டனர். மலபரிபாகம் என்பது மலம் தன் வலிமை குன்றிப் பக்குவப்படுதல். சத்திநிபாதம் என்பது அப்பக்குவம் நோக்கி அருளாற்றல் உயிரின்மேல் பதிதல். இவ்வருட்பதிவை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படுத்தி, மரபே அதனை வேகத்தின் மொழியில் பேசியிருக்கிறது. ஓட்டத்தை உண்டாக்கப் படகினால் இயலாது. ஆனால் ஓட்டம் வரும் வேளையில் படகு கரையில் கட்டிக் கிடந்தால் பயனில்லை. முயற்சியா அருளா என்று இரண்டை எதிரெதிராக நிறுத்தி நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இந்த எளிய தொடர்பைத் தவறவிடுகின்றன.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. அதைக் கூறாமல் விட்டால் சித்தாந்தத்திற்கு நீதி செய்ததாகாது. கொட்டலசு படகு நீரில் இறங்கிய பின்னர் வந்து ஒட்டியது. அதனால் கன்மத்தையும் மாயையையும் ஆகந்துகம், அதாவது இடையில் வந்து சேர்ந்தவை, என்று கூறும் மரபுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆணவமோ சகசம், உயிரோடு என்றும் உடனிருப்பது. அது தொடங்கிய நாள் ஒன்று இல்லை. தொழிற்சாலையிலிருந்து தூயதாக வெளிவந்த உருளை என்ற ஒன்றை உயிரின் வரலாற்றில் தேட முடியாது. இன்னொன்று, படகுக்கு வேகம் வேண்டும் என்பதே எப்போதும் சரியன்று. கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகளைக் காட்டச் செல்லும் படகுகள் மெல்லச் செல்வதே முறை. விரையும் படகின் அலை சேற்றுக் கரையைக் கரைத்து அம்மரங்களின் வேர்ப்பிடிப்பைத் தளர்த்தும். மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்றும், பினாங்குத் தெலுக் பகாங்கில் சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் மாசிமகத்தன்று கடலிலும் மிதக்கும் தெப்பத்தை எவரும் விரைவுபடுத்த எண்ணுவதில்லை; சென்று சேர வேண்டிய இடம் என ஒன்று அதற்கு இல்லாததால், காண வந்தோர் அனைவரும் கண்டு முடிக்கும் அளவே அதன் வேகத்தின் அளவு. உயிரின் பயணத்தை இலக்கு நோக்கிய ஓட்டமாக மட்டுமே கருதுவோர், வலம் வருவதும் பயணமே என்று கொண்டாடும் இவ்வழிபாட்டுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஒருமுறை துப்புரவான படகு மீண்டும் நீரில் இறங்கிய அன்றே அதன்மேல் படலம் படியத் தொடங்குகிறது. ஞானம் பெற்ற பின்னரும் உடம்போடு வாழும் சீவன்முத்தரின் நிலை பற்றிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா இந்த உண்மையை எதிர்கொள்கிறது. இறைவனின் திருவடியை அணைய விடாமல் தடுக்கும் மலத்தை ஞானியும் கழுவ வேண்டும், அன்பரோடு கூடியிருக்க வேண்டும், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவன் எனவே தொழ வேண்டும் என்று அது விதிக்கிறது. முற்றும் உணர்ந்தவருக்கு இனி என்ன கடமை என்று கேட்போருக்கு மெய்கண்டார் தம் நூலின் கடைசி நூற்பாவில் தந்த விடை, முன்பு செய்துவந்த அதே கழுவுதலையும் அதே வழிபாட்டையும் தொடர்க என்பதுதான். ஞானியையும் கோயிலுக்கு அனுப்பும் இந்த முடிவு பிற நெறியாளர் பலருக்கு வியப்பாக இருந்துவருகிறது. மலம் எண்ணமன்று, பொருள் என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டவர்களுக்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வாதனை என்னும் பழைய பழக்கத்தின் வாசம் உடம்பு உள்ளவரை அவ்வப்போது மீண்டு எழும், எழுந்தபோதெல்லாம் கழுவ வேண்டும்.